கூடையைக் கவிழ்த்துப் பார்த்த ராத்தா

அன்று கெலிஓயாவில் ராத்தா வீட்டு முன் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ராத்தா. அவருடைய மகன் ரிஸ்வான். டவுனில் போன் கடையில் வேலை செய்பவன், எங்களுக்காக அரைநாள் லீவு போட்டிருந்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிலோமினா அக்கா. கறுப்பாயி சின்னம்மா. பிறகு நான். மேசையில் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்த போனுக்குள் ஆறாவதாக ஒரு பெண் இருந்தாள். அவள் கென்யாவிலிருந்து பேசினாள்.

ஆள் கணக்கை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த அறையில் ஒருத்தி பெரிய தப்பைச் செய்துவிட்டு, அதன் அளவு தெரியாமல் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள். அது நான்தான்.

ஆனால் நான் எழுத நினைத்தது என்னைப் பற்றி அல்ல, ராத்தாவைப் பற்றி. முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள், எங்களுக்கும் அவர் ராத்தாதான்.

ராத்தாவுக்கு எந்தப் பொருளையும் கவிழ்த்துப் பார்க்காவிட்டால் மனம் ஆறாது. கல்யாண வீட்டில் நாலு பேராகச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டு முடித்த சஹன் தட்டைத் தூக்கி, அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார். கடையில் குடை வாங்கினால் விரித்துப் பார்க்கமாட்டார், தலைகீழாகப் பிடித்துக் கம்பி முனைகளை எண்ணுவார். கூடை பின்னுகிற எங்கள் பெண்கள் சங்கத்தைப் பதிய ஒரு கந்தோருக்குப் போனோம். அங்கே இருந்த ஐயா, படிவத்தோடு இருநூற்றைம்பது ரூபாய் கட்ட வேண்டும் என்றார். நான் உடனே பையைத் திறந்துவிட்டேன். ராத்தா படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார்.

"இங்க காசு இல்லையெண்டு ஈக்கே மாத்தயா?"

அந்த ஐயாவும் படிவத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவரும் அன்றைக்குத்தான் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார் போல. "சரி, சரி, தேவையில்ல" என்றார். வெளியே வந்தபோது ராத்தா என் பையைப் பார்த்தார். "ஒனக்கு சல்லியக் குடுக்க அவ்வளவு அவசரமா புள்ள?" என்று கேட்டார்.

எனக்கு அவசரம் இல்லை. பயம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எது சொன்னாலும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுவேன். பஸ்ஸில் ஏறினால் இறங்குகிற இடம் தவறிவிடுமோ என்று பயம். வீட்டைப் பூட்டினால் பூட்டினேனா என்று பயம். பாதி வழியில் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்த நாட்கள் எத்தனையோ.

ராத்தா எங்கள் தோட்டத்துக்கு முதலில் வந்தது துணி மூட்டையோடு. சவூதியில், தம்மாமில் ஒரு அரபு வீட்டில் பதினொரு வருசம் சமைத்து, துவைத்து, பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்துவிட்டு, ஒரு முழங்கால் தேய்ந்து ஊருக்கு வந்தவர். வந்ததும் சும்மா இருக்க முடியாமல், எங்கள் பக்கம் வருகிற கலஹா பஸ்ஸில் ஏறித் தோட்டந் தோட்டமாகத் துணி விற்றார். மாதம் மாதம் கொஞ்சமாகக் காசு வாங்கிக்கொள்வார். ஒருநாள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிலோமினா அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தவர், அவிழ்த்தபடியே விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அக்கா வெங்காயம் போட்டு வைத்திருந்த கூடை அங்கே இருந்தது. ராத்தா போய் அதை எடுத்தார். வெங்காயத்தை எல்லாம் தரையில் கொட்டினார். கூடையைக் கவிழ்த்தார்.

"ஐயோ, என்னாங்க இது!" என்று அக்கா கத்தினார்.

"இதப் பின்னினது ஆரு?"

"நாந்தான். ஏன்?"

"மேல எல்லாரும் வடிவாத்தான் பின்னுவாங்க. அடிய இப்பிடிப் பின்ன ஆருக்கு ஏலும்? ஒரு நூல் வெளிய வரல்ல பாருங்க."

பிலோமினா அக்கா அந்த வேலையைக் குண்டசாலைப் பக்கத்தில் நார் உரிக்கிற ஒரு சிங்கள அம்மாவிடம் கற்றுக்கொண்டவர். வேலியோரம் வளர்கிற கற்றாழையிலிருந்து எடுக்கும் நார். சிங்களத்தில் ஹண என்பார்கள். அக்கா தன் வீட்டுக்கு மூன்று கூடையும் மகளுக்குச் சீர் கொடுக்க இரண்டும் பின்னியதோடு சரி. அன்று வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே ராத்தா கேட்டார்: "இத விக்கலாமா?" அக்கா சிரித்தார். "இங்க யாருங்க வாங்குவா? பிளாஸ்டிக் கூடை நூறு ரூவாய்க்குக் கெடைக்குது."

"இங்கெண்டு நான் செல்லல்லயே" என்றார் ராத்தா.

அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் அந்த ஒரு பேச்சிலிருந்து வந்தவை. பன்னிரண்டு பெண்கள் பின்னக் கற்றுக்கொண்டோம். சரியாகச் சொன்னால் பதினொரு பேர். எனக்குக் கை வரவில்லை. பின்னியதை அவிழ்த்துப் பார்த்து அவிழ்த்துப் பார்த்தே நாரை நாசமாக்கினேன். "நீ பின்ன வேணாம், அள" என்று ராத்தா என் கையில் ஒரு குச்சியைக் கொடுத்தார். வாய் அகலத்துக்கு ஒரு வெட்டு, உயரத்துக்கு ஒரு வெட்டு. குச்சிக்குச் சரியாக வருகிற கூடையை மட்டும் எடுப்பேன். பயந்தவளுக்கு அளக்கிற வேலை நன்றாகப் பொருந்தும். ஒரு கூடையை மூன்று தடவை அளப்பேன்.

எந்தக் கூடை யாருடையது என்று தெரிய ராத்தா ஒரு வழி வைத்தார். பின்னத் தொடங்குகிற இடத்தில், அடியில், ஒவ்வொருத்தியும் தனக்கென்று முடிச்சுப் போட வேண்டும். பிலோமினா அக்காவுக்கு வரிசையாக மூன்று முடிச்சு. கறுப்பாயி சின்னம்மாவுக்கு இரண்டு முடிச்சும் ஒரு வளையமும். கூடையைக் கவிழ்த்தால் போதும், பேர் தெரியும்.

ஆனால் வாங்குகிறவன் எங்கே?

ராத்தாவிடம் ஒரு கொப்பி இருந்தது. நீல மட்டை, கணக்கு எழுதுகிற சீ.ஆர். கொப்பி. வெளிநாட்டுக்காரர் கையில் பை கண்டால், தொப்பி கண்டால், அதன் அடியிலும் உள்ளேயும் தைத்திருக்கும் துணித்துண்டில் உள்ளதை அந்தக் கொப்பியில் எழுதிக்கொள்வார். கடையின் பேர், ஊர், ஈமெயில். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் படம் வரைவதுபோல் வரைவார்.

ஒருநாள் பேராதனைப் பூங்கா பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா. தோளில் கற்றாழை நாரில் பின்னிய பை. கறுப்பும் செம்மண் நிறமுமாகப் படிப்படியாக இறங்குகிற கோலம். ராத்தா என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியும்.

"எக்ஸ்கியூஸ் மீ மேடம். யுவர் பேக். அப்சைட் டவுன்."

"ராத்தா, வேணாம். திட்டப் போறாங்க" என்று அவருடைய கறுப்பு அபாயாவைப் பிடித்து இழுத்தேன்.

அந்த அம்மா முதலில் முழித்தார். பிறகு சிரித்துக்கொண்டே உள்ளே இருந்த தண்ணீர்ப் போத்தல், களிம்பு டியூப், வாழைப்பழம் எல்லாவற்றையும் எடுத்து என் முந்தானையில் கொட்டிவிட்டுப் பையைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் சின்னத் துணித்துண்டு. கென்யா என்று அச்சடித்து, கீழே ஒரு போன் நம்பர். நம்பருக்குப் பக்கத்தில் யாரோ பேனையால் எழுதிய பேர்: முவேனி. ராத்தா அதையும் வரைந்துகொண்டார். கோலத்தையும் ஓரத்தில் வரைந்தார்.

"இது கடையில்லையே ராத்தா. இவங்களும் நம்மள மாதிரிப் பின்னுற பொம்பளைங்கதானே? இது எதுக்கு?" என்றேன்.

"எதுக்கெண்டு இப்ப தெரியாது. எழுதி வெச்சா ஈக்கும்."

இந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு ரிஸ்வான் மூலம் கடைகளுக்குக் கடிதமும் படமும் அனுப்பினார். அறுபதோ எழுபதோ அனுப்பியிருப்பார். பதில் வந்தது நாலைந்து. அதில் இரண்டு, நன்றி, வேண்டாம். ஒருவர் ஐந்து கூடை மாதிரி அனுப்பச் சொல்லி வாங்கிவிட்டு ஆளே இல்லாமல் போனார். நான் அழுதேன். ராத்தா அந்தப் பேரின்மேல் கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கடைசியில் நெதர்லாந்தில் கடை வைத்திருக்கும் ஒருவர் கிடைத்தார். வாங்குகிறவர் என்பதால் நாங்கள் அவரை இங்கிலீஸில் பையர் என்றுதான் சொல்வோம். முதலில் நாற்பது கூடை, பிறகு நூறு. கூடைக்கு ஒன்பது டாலர். நாருக்கும் சாயத்துக்கும் பெட்டிக்கும் கொழும்புக்கு லொறிக்கும் கழித்து, பின்னினவள் கையில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் வரும். அவர் அனுப்பிய படம் ஒன்றில் பிலோமினா அக்காவின் கூடைக்குள் ஒரு கொழுத்த பூனை படுத்திருந்தது. "வெங்காயம் வெச்ச எடத்துல பூனையா" என்று அக்கா ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மூன்றாவது ஓடர் முந்நூறு கூடை. அந்தக் காசை நம்பி நாங்கள் கொழுந்து பறிக்கப் போகிற நாட்களைக் குறைத்துவிட்டோம். பிலோமினா அக்கா கூரைத் தகரத்துக்குக் கடையில் சொல்லி வைத்துவிட்டார். அளக்கிற கூலியில் எனக்கு மகளின் டியூசன் காசு. பாதிக்கு மேல் பின்னி முடித்த நிலையில், ஒரு திங்கட்கிழமை பையரிடமிருந்து செய்தி வந்தது. ரிஸ்வான் வாசித்துத் தமிழில் சொன்னான்.

கென்யாவில் பெண்கள் இதேபோல் கூடையை ஆறரை டாலருக்குத் தருகிறார்களாம். நாங்களும் ஆறரைக்கு இறங்கினால் எடுப்பாராம். இல்லாவிட்டால் முழு ஓடரையும் அங்கே கொடுத்துவிடுவாராம். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆதாரத்துக்கு அந்தப் பெண்களின் கூடைப் படம் ஒன்றும் வந்திருந்தது.

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "ஆறரைக்கே குடுத்துருவோம் ராத்தா. ஒண்ணும் இல்லாததுக்கு ஆறரை மேலு."

ராத்தா போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். பிறகு போனைத் தலைகீழாகத் திருப்பினார்.

"உம்மா, அது போட்டோ. திருப்பினா அடி தெரியாது" என்று ரிஸ்வான் சிரித்தான்.

"தெரியும்டா. பழக்கம்." அவரும் சிரித்தார். ஆனால் போனைக் கொடுக்கவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னிடம் திரும்பி, "வெள்ளிக்கிழம வரைக்கும் ஒருத்தருக்கிட்டயும் செல்லாத. பின்னுறவங்க பின்னட்டும். வெளங்கினா?" என்றார்.

விளங்கியது. தலையாட்டினேன். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணீர்க் குழாயடியில், "என்னா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கறுப்பாயி சின்னம்மா கேட்டபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விலை குறைகிறது என்று மட்டும் சொல்லவில்லை. பயத்தில் ஒன்றை இரண்டாக்கி, "ஓடர் போச்சு சின்னம்மா. கென்யாக்காரங்களுக்குப் போச்சு" என்றே சொல்லிவிட்டேன். சொன்னதும் எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. அந்தப் பாரம் யார் தலையில் இறங்கியது என்று நான் யோசிக்கவில்லை.

புதன்கிழமை ராத்தா ஆளனுப்பினார். அந்தப் படத்திலிருந்த கோலத்தைத் தன் கொப்பியில் கண்டுபிடித்துவிட்டாராம். பேராதனை பஸ் நிறுத்தத்தில் வரைந்த அதே படிக்கோலம். பக்கத்தில் போன் நம்பரும் பேரும். "வியாழக்கிழம வாங்க, நேரா அவகிட்டயே கேப்பம்" என்று சொல்லியனுப்பினார்.

வியாழக்கிழமைதான் நான் முதலில் சொன்ன அந்த நாள்.

எனக்கு அதுவும் பயமாக இருந்தது. நம் வயிற்றில் அடிக்கிறவளிடம் நாமே போய் என்ன கேட்பது? பிலோமினா அக்காவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அவளுக்கு என்னா, கொறஞ்ச வெலைக்குக் குடுத்துட்டு நல்லா இருக்கா" என்றார். கறுப்பாயி சின்னம்மா ஒன்றும் பேசவில்லை. வரும்போது பஸ்ஸிலும் பேசவில்லை.

ரிஸ்வான் நம்பரை அழுத்தினான். நெடுநேரம் அடித்தது. ஒரு பெண் குரல்.

"ஹலோ, யூ பாஸ்கட்?" என்று கேட்டார் ராத்தா.

அந்தப் பக்கம் வேகமாக ஆங்கிலம் வந்தது. ரிஸ்வான் பேச வாயெடுத்தான். அவள் பின்னால் ஏதோ பிள்ளை வீரிட்டு அழுதது. அவள் பிள்ளையைப் பார்த்து, "ஹலாஸ்! ஹலாஸ்!" என்று அதட்டினாள்.

ராத்தா மகனின் தோளைப் பிடித்துத் தள்ளினார். "எழும்புடா. அது அரபு. போதும் எண்டு செல்றா." கதிரையை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு போனுக்குள் குனிந்து அரபியில் ஏதோ கேட்டார். அங்கேயிருந்து அப்படி ஒரு சிரிப்பு. ராத்தாவும் சிரித்தார்.

"ரியாத்துல ஏழு வருசமாம்! மூணு மாடி வீடாம், படி கழுவிக் கழுவி இவளுக்கும் முழங்கால் போச்சாம்!"

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பேரும் சமையலறை அரபியில் போட்டு அடித்தார்கள். ராத்தா நடுநடுவே திரும்பி எங்களுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவர்கள் கூடைக்குப் பத்து டாலர் வாங்குகிறவர்கள். ஆறரைக்குக் கொடுத்ததே இல்லை. அதே பையர் போன கிழமை அவர்களுக்கும் செய்தி அனுப்பியிருக்கிறார்: இலங்கையில் பெண்கள் ஆறரைக்குத் தருகிறார்கள், நீங்கள் ஏழுக்கு இறங்கினால் எடுக்கிறேன். அங்கேயும் வெள்ளிக்கிழமைதான் தவணை. அங்கேயும் பதினெட்டுப் பெண்கள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

முவேனி தனக்கு வந்த படத்தை அனுப்பினாள். கவிழ்த்து வைத்து எடுத்த ஒரு கூடை. ராத்தா இரண்டு விரலால் பெரிதாக்கினார். வரிசையாக மூன்று முடிச்சு.

"அட, இது என் கூடை" என்றார் பிலோமினா அக்கா. அவருடைய முகம் சிவந்துவிட்டது. "என் கூடையக் காட்டியா அந்தப் புள்ளைங்கள மெரட்டினான்?"

ராத்தா கோபப்படவில்லை. எனக்கு அது அப்போதும் ஆச்சரியம், இப்போதும் ஆச்சரியம். அவருக்கு அது ஒரு படிவத்தின் பின்பக்கம் மாதிரி. திருப்பிப் பார்த்தாயிற்று, எழுதியிருப்பது தெரிந்துவிட்டது, இனி வேலையைப் பார்க்க வேண்டியதுதான். "நீ பத்துலருந்து எறங்காத. நாங்க ஒம்பதுலருந்து எறங்க மாட்டோம்" என்று பேசி முடித்தார். வல்லாஹி என்று அல்லாஹ்மேல் சத்தியம் செய்தார். அங்கே அவள் பைபிளின்மேல் கை வைத்துச் சொன்னாளாம். பிலோமினா அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"அவங்களுக்குப் பத்தெண்டா எங்களுக்கும் பத்தெண்டு இப்பவே எழுதுவம் உம்மா" என்றான் ரிஸ்வான்.

"இல்ல. இந்த ஓடருக்கு ஒம்பதெண்டு வாய் குடுத்தாச்சி. அடுத்ததுக்குப் பாப்பம். இப்ப எழுது: வெல ஒம்பது டொலர். கென்யாக்காரங்களோட பேசினோம். அவங்க ஒங்களுக்கு சலாம் செல்லச் சொன்னாங்க."

ரிஸ்வான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே அனுப்பினான். நானும் சிரித்தேன். நான் சிரித்து நிறுத்தும்போதுதான் கறுப்பாயி சின்னம்மாவின் அழுகைச் சத்தம் கேட்டது.

அவரும் அவருடைய நாத்தனாரும் முந்தின நாள், பின்னி முடித்திருந்த இருபத்தாறு கூடையையும் சாக்கில் கட்டிக் கண்டிக்குக் கொண்டுபோய், வாவிக்கரைப் பக்கத்தில் வெள்ளைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கடையில் கொடுத்துவிட்டார்கள். கூடைக்கு எழுநூற்றைம்பது ரூபாய். ஓடர் போனபிறகு கூடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று.

"ஓடர் போச்செண்டு ஆரு செல்லின?" என்று ராத்தா கேட்டார்.

சின்னம்மா என் பேரைச் சொல்லவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"நாந்தாங்க ராத்தா" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கூடையைப் பார்க்கிற மாதிரி. பிறகு எழும்பி அபாயாவை எடுத்து மாட்டினார். "குச்சிய எடு. கண்டிக்குப் போவோம்."

பஸ்ஸில் ஒரு வார்த்தையும் இல்லை. கடையில் எங்கள் கூடைகள் மரயானைகளுக்கு நடுவில் வாய் மேலே பார்க்க அடுக்கியிருந்தன. ராத்தா ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்தார். இரண்டு முடிச்சும் வளையமும், இது சின்னம்மா. ஒற்றை முடிச்சு, இது நாத்தனார். கடை முதலாளி எழும்பி வந்தார்.

"என்னம்மா, வாங்குறதுன்னா வாங்குங்க. எல்லாத்தயும் ஏன் கவுத்துப் போடுறீங்க?"

"வாங்கத்தான் வந்தீக்கிறோம். வெல என்ன?"

"ரெண்டாயிரத்து எரநூறு."

"ஒண்டுக்கில்ல. இதெல்லாத்துக்கும்."

அவர் ராத்தாவை மேலும் கீழும் பார்த்தார். எத்தனை என்று எண்ணினார். இருபத்து நாலு, இரண்டு அதற்குள் விற்றுப் போயிருந்தன. ராத்தா என்னிடம் குச்சியை வாங்கி ஏழு கூடைகளை அளந்து காட்டினார். வாய் அகலம் குறைவு. அவை நான் இன்னும் அளந்து எடுக்காத கூடைகள். அடி இன்னும் அமுக்கி எடுக்காதது, மேசையில் வைத்தால் ஆடும் என்று வைத்து ஆட்டிக் காட்டினார். கடைக்காரர் ஆயிரத்து எண்ணூறுக்கு வந்தார். ராத்தா கதிரையில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் கேட்டார். குடித்தார். முழங்காலைத் தடவினார். போகிற மாதிரி இல்லை. கடைசியில் ஆயிரத்து அறுநூற்றைம்பது. ராத்தா தன் மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த காசிலிருந்து முப்பத்தொன்பதாயிரத்து அறுநூறு ரூபாயை எண்ணி வைத்தார்.

அகலம் குறைந்த ஏழு கூடைகளையும் விற்றுப்போன இரண்டுக்குப் பதிலாக வேறு இரண்டையும் பிலோமினா அக்காவும் மற்றவர்களும் ராப்பகலாகத் திருத்தியும் பின்னியும் கொடுத்தார்கள். பையர் வெள்ளிக்கிழமையே ஒன்பதுக்குச் சரி என்று எழுதிவிட்டார். சலாமைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. முந்நூறு கூடையும் சொன்ன நாளில் கொழும்புக்குப் போனது. அங்கே முவேனிக்கும் பத்துக் கிடைத்தது.

காசு வந்து பங்கு பிரித்த அன்று, சின்னம்மாவும் நாத்தனாரும் அந்த இருபத்து நாலு கூடைக்குக் கடையில் வாங்கிய பதினெட்டாயிரத்தைக் கழித்துக் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் போன பிறகு ராத்தா என்னை இருக்கச் சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க ராத்தா" என்றேன்.

"அது அண்டைக்கே பஸ்ஸுல மாப்பு செஞ்சிட்டேன். அத உடு." கொப்பியைத் திறந்தார். "முப்பத்தொம்பதாயிரத்து அறுநூறுல பதினெட்டாயிரம் வந்தாச்சி. மிச்சம் இருவத்தோராயிரத்து அறுநூறு. இது ஒன்ட வாயால போன காசு. நீதான் தரணும்."

"அவ்வளவு காசுக்கு நான் எங்க போவேன் ராத்தா? மாப்பு செஞ்சதா சொன்னீங்களே."

"மாப்பு வேற, காசு வேற. பெட்டி போற நேரமெல்லாம் ஆயிரத்து எரநூறு தா. அவசரமில்ல. ஆனா தரணும்."

அன்று எனக்கு அவர்மேல் ஆத்திரம். அரபு வீடு, கடை, கந்தோர் என்று எவ்வளவோ பார்த்தவர், ஒரு கொழுந்து பறிக்கிறவளுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று லயத்தில் எல்லோரிடமும் சொல்லி அழுதேன். பிலோமினா அக்கா மட்டும், "கடனத் திருப்பித் தர்றவன்னு ஒன்ன ஒரு ஆளா மதிச்சிருக்காங்கடி. என்னய யாரும் அப்படி மதிச்சதில்ல" என்றார். எனக்கு அப்போது அது ஆறுதலாக இல்லை. ஆனால் கட்டினேன். நான்காவது ஓடரிலிருந்து எங்களுக்கும் பத்து டாலர். ஒவ்வொரு பெட்டி போனதும் ஆயிரத்து இருநூறு. ராத்தா வாங்கி எண்ணிக் கொப்பியில் எழுதிவிட்டு, "பாத்தியா, செத்துப் போகல்லயே" என்பார்.

ஒன்பது தடவை கட்டினேன். போன வருசம் பெரிய மழைக் காலத்தில் ராத்தா மௌத்தாகிவிட்டார். சீனி வியாதி, பிறகு நெஞ்சு. நாங்கள் பன்னிரண்டு பேரும் கலஹாவிலிருந்து பஸ் பிடித்துப் போனோம். பெண்கள் பக்கத்தில் நின்று முகம் பார்த்தோம். உடலைத் தூக்குவதற்கு முன் ரிஸ்வான் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னான். அது அவர்கள் வழக்கம். "எங்கட உம்மா ஆருக்காவது கடன் பட்டீந்தா எங்கிட்ட செல்லுங்க. நாங்க குடுக்கிறோம்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் யாருக்கும் பட்டிருக்கவில்லை.

நாற்பது நாள் கழித்து நான் ரிஸ்வானைப் பார்க்கப் போனேன். தனியாகத்தான் போனேன். கெலிஓயாவில் சரியாக இறங்கினேன். "தம்பி, நான் ஒங்க உம்மாவுக்குக் காசு தரணும்" என்றேன்.

"அத உடுங்க அக்கா. உம்மாவே இல்ல. நாங்க மாப்பு செஞ்சிட்டோம்."

"மாப்பு வேற, காசு வேறன்னு ஒங்க உம்மா சொல்லியிருக்காங்க."

அவன் சிரித்துவிட்டு உள்ளே போய் நீலக் கொப்பியை எடுத்து வந்தான். கடன் பக்கத்தில் துணி வாங்கினவர்கள் பேர் நிறைய. ஒவ்வொரு பேருக்கும் எதிரே ஏதோ குறிப்பு. இவளுக்கு நினைவூட்டணும். இவன் மனிசிகிட்டக் கேட்கணும். இவன் தரமாட்டான். கடைசியில் என் பேர். மிச்சம் பத்தாயிரத்து எண்ணூறு என்று எழுதி, எதிரே ஒரே சொல் இருந்தது.

தருவா.

அந்தக் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. ரிஸ்வான் கொடுத்துவிட்டான். கடிதம் எழுத அவன் உதவுகிறான், என்ன எழுதுவது என்று நான் சொல்கிறேன். முவேனியோடும் அவன்தான் ஆங்கிலத்தில் பேசித் தருகிறான். ராத்தா போனதைச் சொன்ன அன்று அவள் அரபியில் ஏதோ நீளமாகச் சொல்லி அழுதாள். விளங்கிக்கொள்ள இங்கே ஆள் இல்லை. புதுப் பையர் யாராவது விலையைக் குறைத்தால், முதலில் அவளுக்குப் படம் அனுப்பிக் கேட்கிறோம். அவளும் அப்படித்தான்.

போன மாதம் கண்டித் தலதா மாளிகைப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோளில் ஓலைப் பை ஒன்றைக் கண்டேன். இரண்டு தடவை அவளைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். பக்கத்தில் போய், "எக்ஸ்கியூஸ் மீ மேடம். அப்சைட் டவுன்" என்றேன். அவள் விளங்காமல் பார்த்தாள். நான் கையால் கவிழ்த்துக் காட்டினேன். கடையின் பேர், ஊர், ஈமெயில் எல்லாம் கிடைத்தது. எழுபது கூடைக்கு இப்போது பேச்சு நடக்கிறது. விலை பத்து. இறங்கமாட்டேன்.

அவர் போனபிறகு இரண்டு பெட்டி போயிருக்கிறது. இரண்டு தடவையும் காசை ரிஸ்வானின் கையில் கொடுத்துவிட்டு, அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கொப்பியில் நானே எழுதினேன். இந்த எழுபதும் போனால் இன்னும் ஒரு ஆயிரத்து இருநூறு குறையும். இன்றைய தேதிக்கு ராத்தாவுக்கு நான் தர வேண்டியது எட்டாயிரத்து நானூறு ரூபாய்.